எண்பத்து நாலாம் பக்கத்தோடு நின்ற கதை

எழுபதுகளின் நடுவில், கம்பத்தில் நான் தபால்காரனாக இருந்தபோது நடந்தது இது. அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சொந்த ஊர் அல்லிநகரம். கம்பத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கி, காக்கிச் சட்டையும் சைக்கிளுமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டு கெட்ட பழக்கங்கள். ஒன்று, கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பது. இன்னொன்று, படித்ததையும் பார்த்ததையும் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. முதல் பழக்கத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. இரண்டாவது பழக்கம் செய்த கெடுதலைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்தக் காலத்தில் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் மாத நாவல்களைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். மலைமேல் எஸ்டேட்டுக்குப் போகிற ஜீப் நிரம்புகிற வரைக்கும் காத்துக்கிடப்பவர்கள்தான் அதற்கு வாடிக்கை. துப்பறியும் கதை என்றால் துப்பாக்கி, கார், கைக்குட்டையில் மயக்க மருந்து எல்லாம் இருக்க வேண்டும். இதற்கு நடுவே ஒருவர் மட்டும் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருந்தார். ஆண் பெயர். அவர் கதையில் கொலை செய்தது யார் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். போலீஸ் எட்டிப் பார்த்தாலே அதிசயம். மிச்சக் கதை முழுக்கச் செய்தவரின் மனசு என்ன பாடு படுகிறது என்பதுதான். ஒரு கதையில் கொலை செய்தவன் மறுநாள் காலையில் பல்பொடியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு அப்படியே நிற்பான். இரண்டு பக்கத்துக்கு அந்த ஒரே நிற்புதான். அதைப் படித்த மறுநாள் எனக்குப் பல் துலக்கவே பயமாக இருந்தது.

ஜனங்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. சண்டையும் இல்லை, ஓட்டமும் இல்லை, இதென்ன கொலைக் கதை என்று டீக்கடையில் ஒதுக்கி வைப்பார்கள். நான் விடமாட்டேன். அவருக்காக டீ ஆறிப்போகும் வரை வாதாடுவேன். அவர் சென்னையில் ஏதோ பெரிய டாக்டராக இருப்பார் என்று எனக்கு ஓர் எண்ணம்.

என் பீட்டில், அதாவது நான் தபால் கொடுக்கிற தெருக்களில், பூச்சிமருந்துக் கடை முதலாளி ஒருவர் இருந்தார். கடைவீதியில் கடை. அதற்குப் பின்தெருவில் வீடு. வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். ஒரே மகள் மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தாள். அந்தம்மாவுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை ஒரு கனமான பொட்டலத்தை வாசலில் வைத்து என்னிடம் கொடுத்து, "தபால்ல சேத்துருங்க தம்பி" என்பார். புக் போஸ்ட். புக் போஸ்ட் என்றால் இரண்டு ஓரத்தையும் ஒட்டக் கூடாது, உள்ளே என்ன இருக்கிறது என்று தபால் இலாகா எட்டிப் பார்க்கலாம். அந்தச் சட்டத்தைத் தபால் இலாகாவைவிட நன்றாகப் பயன்படுத்தியவன் நான். ஒருநாள் புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தேன். கோடு போட்ட தாளில் குண்டுக் குண்டாகக் கையெழுத்து. மேலே கதையின் தலைப்பு. அதற்குக் கீழே நான் டீக்கடையில் வாதாடுகிற அந்த ஆண் பெயர்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அதே வீட்டுக்குப் போனேன். "அக்கா, இது நீங்களா எழுதுறது?" என்று கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"யார்ட்டயும் சொல்லிராதீக தம்பி. அவுகளுக்குத் தெரியாது."

"மொதலாளி வைவாகளா?"

"அதெல்லாம் இல்ல. மொதக் கதைய வெளையாட்டா அனுப்புனேன், போட்டுட்டாக. அப்பவே சொல்லியிருக்கணும். ரெண்டு மூணுன்னு ஆகிப்போச்சு. சொல்லாம விட்டத இனிமே எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. எனக்கு வர்ற கடுதாசி, மணியார்டர் எதுவா இருந்தாலும் என் கையில மட்டும் குடுங்க. கடையில குடுத்துராதீக."

இதை ஏன் தனியாகச் சொன்னார் என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புரியும். அப்போதெல்லாம் வீட்டுப் பெண்களுக்குக் கடிதம் வந்தால் வழியில் கடையிலேயே ஆம்பளை கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவோம். ஒரு வீட்டு நடை மிச்சம். அதைத் தப்பென்று யாரும் நினைத்ததில்லை. நான் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். நாலு வருஷம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பது தெரியும்.

அந்த நாலு வருஷமும் அந்த ஊரில் அவர் யார் என்று தெரிந்த ஒரே வாசகன் நான்தான். புதுக் கதை வந்ததும் படித்துவிட்டுப் போய் நிற்பேன். எந்த இடத்தில் பயம் வந்தது, எந்த இடத்தில் சலிப்பு வந்தது என்று கேட்பார். நன்றாக இருக்கிறது என்று பொதுவாகச் சொன்னால் விடமாட்டார். ஒருமுறை, "சாவுத் தந்திய எடுத்துட்டுப் போறப்ப ஒங்க கை என்ன செய்யும் தம்பி?" என்று கேட்டார். கை என்ன செய்யும், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் என்றேன். "அடுத்த தடவ பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார். பார்த்தேன். கட்டைவிரல் சைக்கிள் மணியின் மேலேயே இருந்தது. ஆனால் அந்தத் தெரு முழுக்க ஒரு தடவைகூட அழுத்தவில்லை. இத்தனை வருஷமாக என் விரல் செய்துகொண்டிருந்ததை எனக்கு அவர்தான் காட்டிக்கொடுத்தார். அடுத்த கதையில் அது வந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் டீக்கடையில் பத்துப் பேருக்குப் படித்துக் காட்டினேன், காரணம் சொல்லாமல்.

முதலாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. அதிர்ந்து பேசமாட்டார். திராட்சைக் கொடிக்கு மருந்து வாங்க வருகிற ஒவ்வொரு விவசாயியிடமும், "இது ஊறுகா டப்பா இல்லப்பா, சமையக்கட்டுப் பக்கம் கொண்டு போயிராத" என்று சொல்லித்தான் கொடுப்பார். தன் கடையில் வாங்கிப் போன மருந்தைக் குடித்து இரண்டு பேர் செத்ததை அவர் கண்ணால் பார்த்திருந்தார். கடையை விட்டு இறங்கினால் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். மோரை நின்றுகொண்டே குடிப்பார். மனைவியை 'இந்தா' என்றுதான் கூப்பிடுவார்.

ஏழாவது கதை வந்தது. 'என் புருஷனைக் கொன்றது நான்தான்' என்றுதான் தொடக்கமே. சொல்கிறவள் ஒரு பூச்சிமருந்துக் கடைக்காரர் மனைவி. அந்தக் கதையில் வருகிற புருஷன் மோரை நின்றுகொண்டு குடிக்கிறார், கையை முகர்ந்து பார்க்கிறார், இந்தா என்று கூப்பிடுகிறார். படித்துவிட்டுப் போய், "அக்கா, மொதலாளி அப்பிடியே இருக்காகளே" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"பக்கத்துல இருக்கிற ஆளப் பாத்துத்தான தம்பி எழுத முடியும். அவுக பேப்பர்ல வெல நெலவரம் தவிர வேற எதப் படிக்கிறாக?"

எழுதியவரைக்கும் அதுதான் அவருடைய நல்ல கதை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்த வருஷம் சித்திரையில் வீரபாண்டித் திருவிழா. கம்பத்திலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனம் போய்க்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒரு தந்தி வந்தது. எங்கள் போஸ்ட்மாஸ்டர் தாளை நீட்டி, "ஏப்பா, இந்தம்மா கதையெல்லாம் எழுதுமா?" என்று ஆச்சரியப்பட்டார். சென்னையில் ஒரு வாசகர் மன்றம் அந்த வருஷத்தின் சிறந்த நாவலாக அக்காவின் அந்த ஏழாவது நாவலைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை விழா, உடனே புறப்படவும் என்று இருந்தது. பதிப்பாளரிடம் கேட்டு உண்மைப் பெயருக்கே அனுப்பியிருந்தார்கள்.

எனக்கே பரிசு கிடைத்த மாதிரி இருந்தது. தெரு முழுக்க மணி அடித்துக்கொண்டே போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்தேன். விடியக்காலையிலேயே வீரபாண்டிக்குப் போய்விட்டார், மாவிளக்கு நேர்த்திக்கடன், சாயங்காலம்தான் வருவார் என்றார்கள்.

சாயங்காலம்வரை நான் காத்திருந்திருக்கலாம். மறுநாள் பஸ் ஏறினாலும் ஞாயிற்றுக்கிழமைக்குச் சென்னை போய்ச் சேரலாம். சரி, ஆபீசுக்குத் திரும்பவாவது பின்தெரு வழியாகத் திரும்பியிருக்கலாம். நான் கடைவீதி வழியாகத் திரும்பினேன். தந்தியைப் பைக்குள்ளேகூடப் போடவில்லை. கையில் பிடித்திருந்தேன். ஏன் என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். சொல்ல வேண்டும் என்று உள்ளே அரித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது கத்திய தவளை இல்லை, வேறு ஒருவர்.

முதலாளி கடை வாசலில் நின்றிருந்தார். என் கையில் தந்தியைப் பார்த்தார். அந்தக் காலத்தில் தந்தி என்றால் சாவுதான். வேறு எதற்கும் யாரும் தந்தி கொடுப்பதில்லை. மனைவி காலையில் திருவிழாப் பஸ்ஸில் போயிருக்கிறார். மகள் வெளியூரில். அவர் அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"யாருக்குய்யா? எனக்கா? என்னன்னு சொல்லீரு."

அந்த முகத்தைப் பார்த்த பிறகு ஒன்றுமில்லை என்று நகர்ந்து போக என்னால் முடியவில்லை. "பயப்படாதீக மொதலாளி, நல்ல சேதிதான்" என்றேன். என்ன நல்ல சேதி என்றார். அவ்வளவுதான். நாலு வருஷமாக அடைத்து வைத்த மடை உடைந்துபோச்சு. தந்தியையும் கையில் கொடுத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

முதலில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அப்புறம் முகம் மலர்ந்தது. அதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அவருக்குச் சந்தோஷம்தான். "நம்ம வீட்ல இருக்கவளா?" என்று இரண்டு தடவை கேட்டார். கடை ஆட்களுக்கு மிக்சர் வாங்கி வரச் சொன்னார். "அந்தப் புஸ்தகம் எங்கன கெடைக்கும்? சாயங்காலம் அவ வர்றதுக்குள்ள நான் படிச்சிட்டேன்னு சொல்லணும்" என்றார். எனக்கு அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். கதையைக் கதையாக மட்டும் படிக்கத் தெரிந்த மண்டு நான். என் அறைக்குச் சைக்கிளை மிதித்துப் போய், என் புத்தகத்தையே கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். தந்தியைக் கொடுத்த தப்பைவிட அது பெரிய தப்பு.

மத்தியானம் மறுபடி அந்தப் பக்கம் போனபோது அவர் படித்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சாயங்காலம் போனபோது புத்தகம் மூடியிருந்தது. அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படித்து முடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. அக்கா சென்னைக்குப் புறப்படுவார், வழியனுப்ப வேண்டும் என்று காலையிலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அக்கா வரவில்லை. பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் முதலாளி உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் பார்த்தேன், அங்கேயே சோறு. ராத்திரிக்கும் அங்கேதான் என்று ஓட்டல்காரர் சொன்னார். இருபது வருஷமாக ஓட்டல் படி மிதிக்காத மனுஷன். ஊர் வாயை மூட உலைமூடி இருக்கிறதா? முதலாளி வீட்டில் கை நனைக்கவில்லை என்று திங்கட்கிழமைக்குள் கடைவீதி முழுக்கப் பேச்சாகிவிட்டது. காரணம் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்கூட அப்போது தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். அக்கா என்னைத் திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒங்க மேல தப்பில்ல தம்பி. நான் மொதல்லயே சொல்லியிருக்கணும்" என்றார். "அன்னைக்கு ராத்திரி தட்டு முன்னாடி வந்து ஒக்காந்தாக. வையல, கத்தல. ஒரு வாய் எடுத்தாக. கீழ வச்சிட்டாக. எந்திரிச்சுக் கை கழுவிட்டுப் போயி படுத்துக்கிட்டாக."

நீங்க மொதல்ல சாப்பிட்டுக் காட்டியிருக்கலாமே அக்கா என்று நான் புத்திசாலித்தனமாகச் சொன்னேன்.

"'நான் மொதல்ல சாப்பிட்டுக் காட்டட்டா'ன்னு கேக்கலாம்னு வாய் வர வந்துச்சு. கேட்டா, கதை நெசமாயிரும்ல?" என்றார். அப்புறம் மெதுவாக, "முழுசையும் படிச்சுட்டும் இப்பிடின்னா நான் என்ன தம்பி சொல்றது" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு அந்தக் கதையின் முடிவைச் சொல்ல வேண்டும். கதையில் வருகிற மனைவி தினமும் மருந்து டப்பாவைக் கையில் எடுக்கிறாள். தினமும் சோற்றில் கலப்பதாக மனசுக்குள் பார்க்கிறாள். ஒருநாள் புருஷன் செத்துப்போகிறான். தான்தான் கொன்றேன் என்று ஊரெல்லாம் சொல்கிறாள். கடைசி அத்தியாயத்தில்தான் தெரிகிறது, அவன் நெஞ்சுவலியில் செத்திருக்கிறான். டப்பாவின் சீல்கூட உடைக்கப்படவில்லை. அப்படி நினைத்துவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சியில் அவள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதார்த்தத்தையும் தான் முதலில் தின்று பார்த்துவிட்டுத்தான் அவனுக்குப் பரிமாறியிருக்கிறாள். செய்யாத கொலைக்காக ஒருத்தி படுகிற பாடுதான் அந்த நாவல். அதைப் படித்தும் ஒரு மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை என்றால், பெண்டாட்டி என்னதான் நினைப்பாள்?

அக்கா சென்னைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லாததால் வர முடியவில்லை என்று அந்தச் செவ்வாய்க்கிழமைதான் பதில் தந்தி கொடுத்தார், என் கையால்தான் அதையும் சேர்த்தேன். விழாவில் பெயரைக் கூப்பிட்டபோது பதிப்பாளர் போய் வாங்கிக்கொண்டாராம். இரண்டு வாரம் கழித்துக் கேடயம் பார்சலில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, தைத்த துணியைப் பிரிக்காமலே அரிசிப் பானைமேல் வைத்தார். அப்புறம் எப்போது போனாலும் அது அங்கேயே அப்படியே இருந்தது.

பத்திரிகைகளிலிருந்து கடிதம் மேல் கடிதம் வந்தது. ஒதுக்கி வைத்தவர்கள் எல்லாம் இப்போது தொடர்கதை கேட்டார்கள். டீக்கடையில்கூட அந்தப் பெயருக்கு மரியாதை வந்துவிட்டது. எழுதுங்க அக்கா என்று நானும் நச்சரித்தேன். "இனிமே எத எழுதுனாலும் அவுக தட்டப் பாத்துட்டுத்தான் தம்பி எழுதணும். அப்பிடி எழுதுறது எழுத்தா?" என்றார். அத்தோடு அந்தப் பேனா மூடியது. எட்டாவது கதை என்று ஒன்று வரவே இல்லை. கொஞ்ச நாள் கேட்டுப் பார்த்துவிட்டுப் பத்திரிகைக்காரர்களும் விட்டுவிட்டார்கள்.

ஏழெட்டு மாதம் ஓட்டலில் சாப்பிட்டு முதலாளிக்கு வயிற்றுப் புண் வந்தது. வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் வீட்டில் சாப்பிட்டார். ஆனால் புதுசாக ஒரு பழக்கம். தட்டில் சோறு விழுந்ததும் முதல் பிடியைக் குழம்போடு பிசைந்து எடுத்துப்போய்க் கொல்லைச் சுவரில் காக்கைக்கு வைப்பார். காக்கா வந்து தின்று பறந்து போகும்வரை நிற்பார். அப்புறம்தான் வந்து உட்காருவார். காக்கைக்கு வைக்காமல் சாப்பிடமாட்டார், எப்பேர்ப்பட்ட பக்தி என்று தெருவே மெச்சியது.

"நானும் ஒவ்வொரு நாளும் அந்தக் காக்காயப் பாத்துட்டே நிக்கிறேன் தம்பி" என்று அக்கா ஒருமுறை சொன்னார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். முதலாளியிடம் போய் நாலு வார்த்தை பேசியிருக்க வேண்டியவன் நான்தான். புத்தகத்தைக் கொடுத்தவனே நான்தானே. ஆனால் அவர் கடையைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு போவேன். ஊருக்கெல்லாம் வாய் நீளம், சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

பிறகு எனக்கு அல்லிநகரத்துக்கு மாற்றல் கிடைத்தது. கல்யாணம், பிள்ளைகள் என்று வருஷங்கள் ஓடிவிட்டன. எண்பதுகளின் நடுவில் ஒருநாள் அக்கா இறந்துவிட்ட செய்தி வந்தது. மஞ்சள் காமாலை. செய்தி எனக்குத் தாமதமாக வந்ததால் பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் போக முடிந்தது.

காரியம் முடிந்து, மொட்டை மாடியில் இலை போட்டு, அக்காவுக்குப் பிடித்ததையெல்லாம் படைத்திருந்தார்கள். செத்தவர்கள் காக்கையாக வந்து எடுத்தால்தான் மற்றவர்கள் சாப்பிடலாம். முதலாளி இலைக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏழெட்டுக் காக்கை உட்கார்ந்திருந்தது. ஒன்றுகூட இறங்கவில்லை. அரைமணி நேரம் ஆச்சு. "ஆத்தாளுக்கு ஏதோ மனக்கொற" என்று உறவுக்காரப் பொம்பளைகள் முணுமுணுத்தார்கள். எல்லாரும் பசியோடு கீழே இறங்கினார்கள். மாடியில் அவரும் நானும் மட்டும்.

என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. இரு என்று சொல்லிவிட்டுக் கீழே போனார். வரும்போது கையில் என் புத்தகம் இருந்தது. நான் அன்றைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. கடை மேஜைக்கு அடியில் போட்டு வைத்திருந்தாராம்.

"இது ஒன்னோடதுதான். குடுக்கணும்னு நெனப்பேன், மறந்துரும்" என்றார். "ஏப்பா, இந்தக் கதை கடைசியில என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

முழுசும் படித்தவர் ஏன் இப்படிக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. புத்தகத்தைப் பிரித்தேன். எண்பத்து நாலாம் பக்கத்தின் மூலை மடித்திருந்தது. அந்தப் பக்கத்தில்தான் அவள் மருந்து டப்பாவைச் சமையற்கட்டுக்குள் கொண்டுபோவாள். அவன் மோர் குடிக்கிற சொம்புக்குப் பக்கத்தில் வைப்பாள். 'இன்றைக்கு ஒரு சொட்டு' என்று நினைப்பாள். அத்தியாயம் அங்கே முடியும். அதற்குப் பிறகு இருந்த பக்கங்கள் புதுசு கலையாமல் இருந்தன. மனுஷன் அதைத் தாண்டிப் படிக்கவே இல்லை.

"அவ செய்வான்னு நான் ஒருநாளும் நெனச்சதில்ல" என்றார். "ஆனா சோத்துல கைய வச்சா அந்தப் பக்கம் கண்ணு முன்னாடி வந்துரும். தொண்ட அடைச்சுக்கும். என்னால ஆகல. அவள்ட்டயே கேட்டிருக்கலாம். கேக்க வெக்கம்."

நான் சொன்னேன். நெஞ்சுவலி, சீல் உடையாத டப்பா, தினமும் அவள் தின்று பார்த்துவிட்டுப் பரிமாறியது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அவ ஒண்ணும் கலக்கலயா?"

"கதையிலகூடக் கலக்கல மொதலாளி."

"இது ஒனக்கு அப்பவே தெரியுமா?"

தெரியும் என்றேன். நீங்கள் முழுசும் படித்துவிட்டீர்கள் என்று நினைத்தோம் என்று சொல்ல வந்தேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை. அக்காவும் அப்படி நினைத்துக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தார் என்பதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அவர் இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குழம்பை ஊற்றிச் சோற்றைப் பிசைந்தார். அப்போது மேலே ஏறி வந்த உறவுக்காரர் ஒருவர் பதறிப்போய், "இன்னும் காக்கா எடுக்கலயே, அதுக்குள்ள சாப்புடுறீக?" என்றார்.

"காக்கா எதுக்கு?" என்றார் முதலாளி. முதல் பிடியை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டார். மென்றுகொண்டே அழுதார். காக்கைகள் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. அவர் அந்த இலை முழுவதையும் தின்று முடிக்கிற வரைக்கும் நான் பக்கத்தில் நின்றேன்.

அந்தப் புத்தகம் இப்போதும் என்னிடம் இருக்கிறது, மடித்த மூலையை நான் நிமிர்த்தவில்லை. எத்தனையோ பேருக்கு எத்தனையோ சேதியைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். 'அவள் ஒன்றும் கலக்கவில்லை' என்ற மூன்றே வார்த்தையை, பின்தெருவிலிருந்து கடைவீதிக்கு நூறு அடி தூரம் கொண்டுபோய்ச் சேர்க்காமல் வருஷக்கணக்கில் என்னிடமே வைத்திருந்தேனே என்ற வேதனை மட்டும், சாப்பாட்டில் முதல் பிடியை எடுக்கும்போதெல்லாம் இன்றும் என் முன்னால் வந்து நிற்கிறது.